மாண்டவன் மூட்டை

ஜோஸ்லினுக்குத் தர்ஸ்டனைக் கண்டாலே வயிற்றெரிச்சல். இதை அவன் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. சொன்னால் பங்குக் குரு காரணம் கேட்பார், காரணத்தைச் சொல்ல வாய் வராது. காரணம் இவ்வளவுதான்: இருவரும் கவிஞர்கள், அதில் தர்ஸ்டன் பெரிய கவிஞன். எஸெக்ஸ் சீமையிலுள்ள வென்பரியில் இந்த உண்மை தெரிந்த ஒரே ஆள் ஜோஸ்லின்.

ஊர் இதைத் தலைகீழாகத்தான் நினைத்திருந்தது. ஜோஸ்லின் சீமாட்டி அவிஸின் செயலர். மாளிகையில் விருந்து என்றால் சீமாட்டியின் இடப்பக்கம் உட்கார்ந்து, ரோஜாத் தோட்டத்தையும் குயிலையும் பற்றி, பெரிய மனிதர்களின் மொழியான பிரெஞ்சில் அழகாக நாலு பாட்டுச் சொல்லுவான். விருந்தாளிகள் கண்ணை மூடித் தலையசைப்பார்கள். தர்ஸ்டனுக்கு அப்படி ஓர் ஆசனம் எங்கேயும் கிடையாது. மேற்கே செவெர்ன் ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்தவன். இலத்தீன் படித்து, குருத்துவத்தின் கீழ்ப்படிகளில் ஏறி, இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் ஒரு நல்ல கோயிலில் குருவாகியிருப்பான். பீர்க்கடை எம்மட்டைப் பார்த்தான், கட்டிக்கொண்டான்; கல்யாணமானவன் குருவாக முடியாது, ஏணி அத்தோடு முறிந்தது. இப்போது செத்தவர்களின் ஆன்மாவுக்குக் கூலிக்கு ஜெபம் பாடுகிறான். மற்ற நேரமெல்லாம் மனைவியின் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் கவி கட்டுகிறான்.

ஆங்கிலத்தில்! அதுவும் அவன் ஊர்ப் பழைய பாணியில். வரியின் கடைசியில் இயைபு கிடையாது. அதற்குப் பதில் ஒவ்வொரு வரியிலும் மூன்று இடத்திலாவது மோனை விழவேண்டும், ஆணி அடிப்பதுபோல். லண்டன் நாகரிகம் தெரிந்தவர்கள் இதை வண்டிக்காரன் பாட்டு என்பார்கள். ஜோஸ்லினும் விருந்துகளில் அப்படித்தான் சொல்வான். சொல்லிவிட்டு, சீமாட்டியின் குதிரைக்குக் காலாற நடை வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு எம்மட்டின் கடைக்குப் பின்பக்கம் போவான். அங்கே ஒரு பள்ளம், அது நிறையக் காஞ்சொறிச் செடி. அதில் கால் அரிக்க அரிக்க நின்று, சுவருக்கு அந்தப் பக்கம் தர்ஸ்டன் சொல்வதைக் கேட்பான். ஒரு பனிக்காலத்தில், அறுவடைக்கு முன் தானியம் தீர்ந்துபோன வீட்டைப் பற்றித் தர்ஸ்டன் ஒரு பாட்டுச் சொன்னான். அன்றைக்கு ஜோஸ்லின் குதிரையின் பிடரியில் முகத்தைப் புதைத்து அழுதான். வீட்டுக்கு வந்து தன் ரோஜாப் பாட்டு ஒன்றை அடுப்பில் போட்டான். மறுநாள் விருந்தில் அதே தர்ஸ்டனை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கிண்டல் செய்தான். மனுஷன் அப்படித்தான் இருக்கிறான், என்ன செய்வது.

ஊரும் முன்போல இல்லை. பெரிய கொள்ளை நோய் வந்து பாதிப்பேரை வாரிக்கொண்டு போனபோது ஜோஸ்லின் சின்னப் பையன். அதற்கப்புறம் உயிரோடு மிஞ்சியவர்களுக்குத் தங்கள் விலை தெரிந்துவிட்டது. அறுவடைக்காரன் தொப்பியைக் கழற்றாமல் கூலி பேசுகிறான். பழைய கூலிக்கு மேல் கேட்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்க, அவன் அடுத்த பண்ணைக்குப் போய்விடுகிறான். மாவாலைக்காரன் பெண்டாட்டி முக்காட்டுக்குக் விலங்கு ரோமத்தோலில் விளிம்பு வைத்துத் தைத்திருக்கிறாள், அதற்கும் தடைச்சட்டம் இருக்கிறது, அவளிடம் போய் யார் சொல்வது? மாளிகைக்குள்ளேயே ஜோஸ்லின் பிரெஞ்சில் ஒரு வேடிக்கை சொன்னால் சிரிப்பு கொஞ்சம் தாமதித்துத்தான் வருகிறது. பக்கத்து ஆள் சிரிக்கிறானா என்று பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள். சீமாட்டிகூடச் சமையற்காரனை வைய வேண்டுமானால் ஆங்கிலத்துக்குத்தான் வருகிறாள். பிரெஞ்சில் வைதால் அவன் பாராட்டு என்று நினைத்து வணங்குகிறான்.

இப்படி இருக்கையில்தான் அந்த ஜூன் மாதம் வந்தது. தலைவரி கேட்டு வந்தவர்களைக் குடியானவர்கள் விரட்டியடிக்க, எஸெக்ஸ் முழுக்கக் கலகம் பற்றிக்கொண்டது. நற்கருணைத் திருநாள் கழிந்து இரண்டொரு நாளில் வென்பரி மாளிகை முற்றத்திலும் கூட்டம் வந்து நின்றது. யாரையும் தொடவில்லை. காரியஸ்தன் பெட்டியை உடைத்து, இன்னார் இத்தனை நாள் பண்ணையில் இலவசமாக உழைக்க வேண்டும் என்று எழுதியிருந்த தோல் சுருள்களை எடுத்து முற்றத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். அது எரிய எரிய ஒரு பாட்டைச் சொன்னார்கள்.

ஜோஸ்லின் சீமாட்டியின் நகைப்பேழையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடி ஜன்னலில் நின்றிருந்தான். பயந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நாலு வரி காதில் விழுந்ததும் பயம் போன இடம் தெரியவில்லை.

சாவு வந்தது, சத்தமில்லை, சாவி கேட்கவில்லை;
சீமானும் சாய்ந்தான், சேவகனும் சாய்ந்தான்;
மிஞ்சி நிற்பவன் முதுகின் மீது
மாண்டவன் மூட்டையும் மாட்டினது யார்?

தன் வாழ்நாளில் கண்ட அத்தனையும் இந்த நாலு வரிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டதாக அவனுக்குப் பட்டது. செத்தவர்கள் செய்த வேலையையும் சேர்த்து இருப்பவன் தலையில் கட்டிய கதைதானே இந்த முப்பது வருஷக் கதை? கூட்டத்தில் தர்ஸ்டன் இல்லை. அவன் வாயிலிருந்து இந்தப் பாட்டை ஜோஸ்லின் கேட்டதும் இல்லை. இருந்தாலும் இந்த வட்டாரத்தில் ஒரே ஒரு மண்டைதான் இதைச் செய்திருக்க முடியும் என்று அவனுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. பேழையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டிவிடாமல் இருக்க அவன் பெரும்பாடு பட்டான்.

ஆட்டம் எத்தனை நாளைக்கு? இனி யாரும் பண்ணையடிமை இல்லை என்று அரசர் கொடுத்த வாக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஊர் ஊராக நீதிபதிகள் கிளம்பினார்கள். வென்பரிக்கு வந்தவர் சர் ஹாமன். ஒல்லியான ஆள், குரலை உயர்த்தவே மாட்டார். அவருக்குக் கொளுத்தியவர்களைப் பற்றி அக்கறை இல்லை, அது ஊரே செய்தது, ஊரையே தூக்கிலிட்டால் அறுவடைக்கு ஆள் இருக்காது. பாட்டைக் கட்டியவன் யார் என்பதுதான் அவருக்கு வேண்டும். தீயை வைத்தது அவன் வாய்தான் என்றார். ஊரில் கவி கட்டுபவன் என்று விசாரித்தால் எல்லா விரலும் ஒரே பக்கம்தான் திரும்பும், பாவம், அவை கெட்ட எண்ணத்தில் திரும்பவில்லை. தர்ஸ்டனுக்கு விலங்கு மாட்டினார்கள்.

படித்தவனுக்கு ஒரு வழி உண்டு. வேதப்புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதத்தை இலத்தீனில் வாசித்துக் காட்டிவிட்டால் அவன் திருச்சபை ஆள், அரசாங்கக் கயிறு அவன் கழுத்தைத் தொடாது, ஆயர் பார்த்துத் தண்டனை கொடுத்துக்கொள்வார். தர்ஸ்டன் புத்தகத்தைத் திறக்காமலே, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் சொன்னான். சர் ஹாமன் பொறுமையாக முழுவதும் கேட்டார். அப்புறம், உன் மனைவி உன்னைக் கட்டும்போது கன்னியா, விதவையா என்று கேட்டார். எம்மட்டின் முதல் புருஷன் வண்டிச் சக்கரம் செய்தவன், அவன் கல்லறை எல்லோருக்கும் தெரிந்த இடத்தில்தான் இருக்கிறது. விதவையைக் கட்டிய படிப்பாளிக்கு அந்தச் சலுகை கிடையாது. சர் ஹாமன் புத்தகத்தை மூடச் சொன்னார். விசாரணை மறுநாள் என்றார்.

ஊர்க்காரர்கள் ஒருவரும் பிடி கொடுக்கவில்லை. பாட்டா, எந்தப் பாட்டு, வழியில் போனவன் யாரோ பாடினான் என்றார்கள். ஆகவே நீதிபதி வேறு ஒரு ஆளைப் பிடித்தார். கவிதை நுணுக்கம் தெரிந்தவர் மாளிகையில் ஒருவர் இருக்கிறாராமே, அவர் வேதப்புத்தகத்தில் கை வைத்து இது தர்ஸ்டன் கைவேலையா இல்லையா என்று சொல்லட்டும் என்று ஆள் அனுப்பினார்.

அன்று சாயங்காலம் ஜோஸ்லின் குதிரை லாயத்தில் நின்றுகொண்டிருந்தபோது எம்மட் வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது, கழுவ மறந்துவிட்டாள்போல. இதுவரை இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நாளைக்கு நீங்கதான் பேசப்போறீங்களாம்," என்றாள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லணும். சத்தியம் பண்ணிட்டுச் சொல்லணும்."

"அது அவர் பாட்டு இல்லைன்னு சொல்லிடுங்க."

"பொய்ச் சத்தியம் பண்ணச் சொல்றியாம்மா? என் ஆத்துமா என்னத்துக்கு ஆகும்?"

எம்மட் குதிரையின் பக்கம் திரும்பினாள். "இந்தக் குதிரையை எங்களுக்கு நல்லாத் தெரியும் ஐயா. நீங்க பின்னாடி வந்து நின்னா இது கனைக்கும். உடனே அவர் பெஞ்சைச் சுவர் ஓரமா இழுத்துப் போட்டுக்கிட்டு, குரலை ஏத்திச் சொல்லுவாரு. என்னய்யா கத்தறேன்னு குடிக்க வந்தவங்க கேப்பாங்க. வெளியில ஒருத்தர் நிக்கறாரு, இந்த ஊர்ல விஷயம் தெரிஞ்சவரு அவர் ஒருத்தர்தான், அவருக்குக் கேக்கணும்னு சொல்லுவாரு."

ஜோஸ்லினுக்குக் காது வரை சூடேறியது. காஞ்சொறிப் பள்ளத்தில் நின்ற அத்தனை பொழுதையும் நினைத்துப் பூமிக்குள் போய்விடலாம் என்றிருந்தது. கூடவே, வெட்கத்துக்கு அடியில், இதுவரை யாரும் கொடுக்காத ஒரு பரிசைக் கையில் வாங்கியவன்போல ஒரு சந்தோஷமும் வந்தது.

"பொய் சொல்ல வேணாம்," என்றாள் எம்மட். "வேற ஏதாவது உண்மை இருந்தா அதைச் சொல்லுங்க. படிச்சவங்கதானே, தேடிப் பாருங்க." அழவில்லை. போய்விட்டாள்.

மறுநாள் மாளிகைக் கூடத்தில் நிற்க இடமில்லை. மேசைக்குப் பின்னால் சர் ஹாமன், பக்கத்தில் சீமாட்டி அவிஸ். ஒரு பக்கத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர், அவர்களுக்குத் தலைவன் மாவாலைக்கார ஆஸ்பர்ட். பன்னிரண்டு பேர் சட்டையிலும் அந்தத் தீயின் புகை இன்னும் மணத்துக்கொண்டிருந்திருக்கும், முகத்தில் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக் களை. அவர்களுக்குத் தர்ஸ்டனை விட்டுவிட ஆசை. ஆனால் காரணம் இல்லாமல் விட்டால் அடுத்த கயிறு தங்களுக்கு என்ற பயமும் இருந்தது. எல்லோரும் ஜோஸ்லினைப் பார்த்தார்கள். நடுவில் தர்ஸ்டன் விலங்கோடு நின்றான். மூன்று நாள் தாடி, கண்ணில் தூக்கமில்லை.

ஜோஸ்லின் வேதப்புத்தகத்தில் கை வைத்தான். இவன் இந்தப் பாட்டைக் கட்டி நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை. இவன் வாயால் கேட்டீர்களா? இல்லை. இரண்டும் உண்மை. ஜோஸ்லின் மூச்சு விட்டான்.

சர் ஹாமன் அவ்வளவு சுலபமாக விடுகிறவரா? பாட்டைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன என்றார்.

இதற்கு ஜோஸ்லின் இரவே பதில் தயாரித்து வைத்திருந்தான். தர்ஸ்டனின் தனித்திறமை எதுவும் இதில் இல்லை என்று காட்டிவிட்டால் போதும். ஆகவே, இதில் என்ன இருக்கிறது, ஒரே எழுத்தை மூன்று இடத்தில் முளை அடித்து வைத்திருக்கிறார்கள், மேற்குப் பக்கத்து வண்டிக்காரன் எவனும் மாட்டை ஓட்டிக்கொண்டே இதைச் செய்வான் என்று விருந்துக் குரலில் சொன்னான். கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஜோஸ்லின் தெம்பாகி, முதல் வரியில் சாவி எதற்கு வந்தது என்றே தெரியவில்லை என்று சேர்த்துக்கொண்டான்.

விலங்கு லேசாகச் சத்தம் போட்டது. ஜோஸ்லின் திரும்பிப் பார்த்தான். தர்ஸ்டனின் கழுத்து சிவந்து புடைத்திருந்தது. உயிர்ப்பயத்தில் இருக்கும் முகம் இல்லை அது. தன் பிள்ளையை ஒருவன் நடுத்தெருவில் அசிங்கப்படுத்தினால் தகப்பனுக்கு வரும் முகம்.

சர் ஹாமனும் அதைப் பார்த்துவிட்டார். அவர் உதட்டில் மெல்லிய சிரிப்பு வந்தது. "நல்லா விளக்குறீங்க," என்றார். "இன்னும் வேற குறை இருந்தாலும் சொல்லுங்க. நமக்கு அவசரம் ஒண்ணும் இல்லை."

அப்போதுதான் ஜோஸ்லினுக்குத் தான் எதற்காகக் கூப்பிடப்பட்டோம் என்று உறைத்தது. நீதிபதிக்கு இவன் அபிப்பிராயம் வேண்டியதில்லை. கவிஞன் எவனும் தன் வரியை ஒருவன் கேவலப்படுத்துவதைப் பொறுத்துக்கொண்டு நிற்கமாட்டான். கயிறே எதிரில் தொங்கினாலும், சாவி எதற்கு வந்தது என்று சொல்லித்தான் தீருவான். வாயைத் திறந்தால் குற்றம் ஒப்புக்கொண்ட மாதிரி. ஜோஸ்லின் தூண்டிலில் குத்திய புழு. தன் வாயாலேயே தர்ஸ்டனைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருக்கிறான்.

"மூணாவது வரி எப்படி?" என்று நீதிபதியே எடுத்துக் கொடுத்தார். "எனக்கு அது நொண்டுற மாதிரி இருக்கு."

தர்ஸ்டன் ஒரு அடி முன்னால் வந்தான். வாய் திறந்துவிட்டது. கூட்டத்தில் எம்மட் கையால் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னாலேயே முடியும்," என்றான் ஜோஸ்லின், அவன் பேசுவதற்கு முன்னால் அவசரமாக. கூடம் திரும்பிப் பார்த்தது. தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. "இதை யார் வேணும்னாலும் செய்யலாம்னு சொன்னேன் இல்லையா. நானே செய்வேன்."

சர் ஹாமனுக்கு எரிச்சல் வந்தது, இருந்தாலும் மறைத்துக்கொண்டார். "நீங்க ஆங்கிலத்துல கட்டி யாரும் கேட்டதில்லையாம். சீமாட்டி சொன்னாங்க, உங்க வாய்க்கு அந்த மொழி கசக்கும்னு. சத்தியம் பண்ணிட்டு நிக்கறீங்க, ஞாபகம் இருக்கட்டும். சரி, செய்யுங்க. இப்பவே, இங்கேயே. அந்தப் பாட்டையே மேல கொண்டுபோங்க. பொருந்தலைன்னா நீங்க சொன்னது பொய்னு நான் எடுத்துக்குவேன்."

பொய்தான். யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று சொன்னதைப் போலப் பச்சைப் பொய் வேறொன்று இருக்காது, ஜோஸ்லினுக்கு அது தெரியாதா? இனி அந்தப் பொய்யை உண்மையாக்கிக் காட்டுவதுதான் ஒரே வழி. இல்லாவிட்டால் தர்ஸ்டன் கழுத்தும் போகும், தன் ஆன்மாவும் போகும்.

வாயில் முதலில் ரோஜாதான் வந்தது. சனியன், எத்தனை வருஷப் பழக்கம். அப்புறம் குயில் வந்தது. ஜோஸ்லின் வியர்த்துக் கொட்ட நின்றான். பிரெஞ்சில் தேடுவதை விட்டான். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தான். அடியில் அவனை வளர்த்த செவிலி இருந்தாள். கொள்ளை நோய் வந்த கோடையில், ஒரு கையில் அவனைப் பிடித்துக்கொண்டு, கோயிலுக்குப் பின்னால் வெட்டிய நீளமான குழிக்கு முன்னால் அவள் நின்றாள். அப்பாவையும் இரண்டு அக்காக்களையும் அதில் இறக்கினார்கள். அவள் அழுதது ஆங்கிலத்தில். இந்தச் சிறுவனை நான் தனியாகச் சுமப்பதா என்று குழியைப் பார்த்துக் கேட்டாள். அதை அவன் எந்த ரோஜாவுக்குள்ளும் வைத்ததில்லை, வைக்க இடம் இருந்ததில்லை.

ஜோஸ்லின் கண்ணை மூடிக்கொண்டு, தர்ஸ்டனின் கடைசி இரண்டு வரிகளைச் சொல்லி, நிறுத்தாமல் மேலே போனான்.

மிஞ்சி நிற்பவன் முதுகின் மீது
மாண்டவன் மூட்டையும் மாட்டினது யார்?
இறக்கி வைக்க இடம் எங்கே என்றான்;
இறந்தவன் சொன்னான், என் குழியில் இடமுண்டு.

ஆஸ்பர்ட்டின் பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். அந்தக் கூடத்தில் அப்படி ஒரு குழிக்கு முன்னால் நிற்காத குடும்பம் எது? ஜோஸ்லின் கண்ணைத் திறந்தபோது வேறு யாரையும் பார்க்கவில்லை, தர்ஸ்டனைத்தான் பார்த்தான். அவன் கழுத்துச் சிவப்பு வடிந்திருந்தது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது, ஆனால் பேச வந்ததை மறந்துவிட்டான். உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன.

"அப்படீன்னா அந்தப் பாட்டு உங்களுதாகவும் இருக்கலாம்," என்றார் சர் ஹாமன் மெதுவாக.

"இருக்கலாம்னு நீங்க நினைக்கலாம்," என்றான் ஜோஸ்லின். "எனக்குச் சங்கீதம் வாசிக்கத் தெரியும். கல்யாணமும் ஆகலை." சொல்லிவிட்டு, சத்தியம் செய்துவிட்டு நிற்கிறோம் என்பது நினைவு வர, "ஆனா நான் கட்டலை. கட்டியிருந்தா இந்த ஜென்மத்துக்குப் போதும்னு இருந்திருப்பேன்," என்றான்.

நீதிபதி பன்னிரண்டு பேர் பக்கம் திரும்பினார். ஆஸ்பர்ட்டுக்கு வேண்டியிருந்தது இப்படி ஒரு பிடிதான். தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தான். செயலர் ஐயா நின்ற இடத்தில் நின்று ஒட்டுத் தெரியாமல் கட்டுகிறார் என்றால், இது இவன் கைவேலைதான் என்று தாங்கள் எப்படிச் சத்தியம் செய்வது, தங்களுக்கு ஆன்மா ஒன்றுதானே இருக்கிறது என்றான். மற்ற பதினோரு பேரும் அவன் முடிக்கும் முன்பே தலையாட்டினார்கள். சர் ஹாமன் மேசைமேல் இருந்த சுருள்களைச் சுற்றி வைத்தார். அறுவடை, பன்னிரண்டு பிடிவாதமான தலைகள், அடுத்துப் போகவேண்டிய நாலு ஊர்கள் எல்லாவற்றையும் யோசித்திருப்பார். விலங்கை எடுக்கச் சொன்னார்.

சீமாட்டி எழுந்து போகும்போது ஜோஸ்லின் முன்னால் நின்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். இனி இந்த வீட்டில் தன் ஆசனம் இருக்காது என்றுதான் நினைத்தான்.

"இத்தனை வருஷத்துல நீ சொன்னதுல எனக்கு முழுசாப் புரிஞ்சது இதுதான் ஜோஸ்லின்," என்றாள், ஆங்கிலத்திலேயே. "புரியாமலே இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க அந்தக் குழியில இருக்கு." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஜோஸ்லின் முற்றத்துக்கு வந்தான். நீதிபதியின் வீரர்கள் தொட்டியடியில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றார்கள். வாசலுக்கு வெளியே எம்மட் புருஷனின் கைத்தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள். ஜோஸ்லினைக் கண்டதும் தர்ஸ்டன் அவள் கையை உதறிவிட்டு நேராக வந்தான். உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்லப்போகிறான் என்று ஜோஸ்லின் கூச்சப்பட்டான். கேவலப்படுத்தியதற்கு அறையவும் செய்யலாம் என்று கொஞ்சம் பின்வாங்கவும் செய்தான்.

தர்ஸ்டன் இரண்டும் செய்யவில்லை. ஜோஸ்லினின் இரண்டு தோளையும் பிடித்தான். கண் கலங்கியிருந்தது. கூடத்தில் அவமானத்தை எப்படியோ தாங்கியவனுக்குச் சந்தோஷத்தைத் தாங்கத் தெரியவில்லை.

"அந்த ரெண்டு வரி, யோவ்," என்றான், கடைப் பெஞ்சில் பேசும் அதே உரத்த குரலில். "அந்த ரெண்டு வரிக்காகத்தான் நான் வசந்தம் பூரா மண்டையை உடைச்சிக்கிட்டேன். யாருன்னு கேள்வி கேட்டு நிறுத்திட்டேன், மேல போக வழி தெரியல. என் பாட்டு முடியாமக் கிடந்துச்சய்யா. நீதான் அதை முடிச்சே. என்னால முடியாததை நீ—"

தொட்டியடியில் ஒரு வீரன் தலையை நிமிர்த்தினான். ஜோஸ்லின் பாய்ந்து தர்ஸ்டனின் வாயைப் பொத்தினான். எம்மட் ஓடி வந்து, வீரனைப் பார்த்துச் சத்தமாக, மூன்று நாள் பட்டினி கிடந்தால் மனுஷன் இப்படித்தான் உளறுவான் என்று தலையில் அடித்துக்கொண்டாள். வீரன் சிரித்துவிட்டு மறுபடி குதிரையின் பக்கம் திரும்பினான்.

தர்ஸ்டன் உள்ளங்கைக்கு அடியில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தான். ஜோஸ்லின் அவனைச் சுவரோடு தள்ளிக்கொண்டு போய், கையை முழுக்க எடுக்காமல் கொஞ்சம் தளர்த்தி, தன் காதை அந்த வாயின் பக்கத்தில் கொண்டுபோனான்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றான். "மெதுவா."